பாடம் 9: வாண்டுமாமா

கற்றல் நோக்கங்கள்

• தமிழ்ச் சிறுவர் கதை எழுத்தாளர் ஒருவரின் வாழ்க்கையை அறிதல்
• மாயக்கதையின் இயல்பையும் பயனையும் உணர்தல்
• பெயர்களில் அமைந்துள்ள மோனையைக் கண்டறிதல்
• தம் ஊரின் கதையைத் தமிழில் எழுதப் பழகுதல்

நுழையும் முன்

மாணவர்களே! உங்கள் வீட்டில் பாட்டியோ தாத்தாவோ சொன்ன கதைகளுள் நினைவில் நிற்பது எது? நடக்கவே முடியாத நிகழ்ச்சி ஏதேனும் அக்கதையில் உண்டா? நடக்காது என்று தெரிந்தும் அதை ஏன் விரும்பிக் கேட்டீர்கள்? இவ்வினாக்களுக்கு வகுப்பில் வாய்மொழியாக விடை கூறியபின் பாடத்தைப் படியுங்கள்.

மாயக்கதை என்பது யாது?

ஏழு மலை, ஏழு கடல் தாண்டினால் ஒரு குகை. குகைக்குள் ஒரு கூண்டு. கூண்டுக்குள் ஒரு கிளி. அக்கிளியின் உடலில் ஓர் அரக்கனின் உயிர். தமிழ்நாட்டுப் பாட்டிமார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த கதை இது. அந்தக் கிளியை எவரும் கண்டதில்லை. எனினும் இளவரசன் கூண்டை நெருங்கும்போது, கேட்கும் குழந்தை மூச்சை அடக்கிக்கொள்கிறது. குகை பொய், அங்கே பிறக்கும் அச்சம் மெய். கிளி பொய், இளவரசனின் துணிவைக் கண்டு உண்டாகும் மகிழ்ச்சி மெய். நடவாத ஒன்றை நடந்ததுபோலக் காட்டி, அதன் வழியே மெய்யான உணர்வுகளை அறியச் செய்வது மாயக்கதை.

வாய்மொழியாக வழங்கிய இத்தகைய கதைகள் இருபதாம் நூற்றாண்டில் இதழ்களின் பக்கங்களுக்கு வந்து சேர்ந்தன. 1947ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து 'அம்புலிமாமா' வெளிவரத் தொடங்கியது. கன்னடக் குழந்தைகளுக்கு அதே இதழ் 'சந்தமாமா' என்னும் பெயரில் கிடைத்தது. 1950ஆம் ஆண்டில் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் முயற்சியால் சென்னையில் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றியது. குழந்தைகளுக்காக எழுதுவது ஒரு தனித்துறை என்னும் எண்ணம் தமிழில் வேரூன்றிய காலம் அது. அக்காலத்தில் எழுத வந்து, எண்பத்தொன்பது வயது வரை வாழ்ந்தவர் வாண்டுமாமா.

அரிமளத்தில் பிறந்தவர்

வாண்டுமாமாவின் இயற்பெயர் வி. கிருஷ்ணமூர்த்தி. அவர் 1925ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் அரிமளம் என்னும் ஊரில் பிறந்தார். அரிமளம் இன்று புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்தது. அவர் பிறந்தபோது அப்பகுதி மன்னர் ஆட்சியில் இருந்த புதுக்கோட்டைச் சமஸ்தானமாக விளங்கியது. அழ. வள்ளியப்பா பிறந்த இராயவரமும் அதே புதுக்கோட்டை மண்ணைச் சேர்ந்ததே. தமிழ்க் குழந்தைகளுக்குப் பாட்டுத் தந்தவரும் கதை தந்தவரும் ஒரே வட்டாரத்தில் பிறந்தனர்.

இளமையில் கிருஷ்ணமூர்த்தியின் விருப்பம் எழுத்தைவிட ஓவியத்தின்மீதே மிகுந்திருந்தது. ஆனந்த விகடன் இதழில் தம் கோட்டோவியங்களால் புகழ்பெற்றிருந்த மாலியை அவர் தம் ஆசானாகக் கருதினார். ஓவியராக வேண்டும் என்னும் கனவு நிறைவேறவில்லை. எழுத்தே அவருடைய தொழிலாயிற்று. ஆயினும் ஓவியத்தின்மீது கொண்ட காதல் வீணாகவில்லை. பிற்காலத்தில் அவர் பல படக்கதைகளை எழுதினார். படக்கதை எழுதுபவர், ஒவ்வொரு கட்டத்திலும் ஓவியர் எதை வரைய வேண்டும் என்பதை முன்கூட்டியே மனத்தில் காண வேண்டும். கையால் வரையாத ஓவியங்களை அவர் சொல்லால் வரைந்தார் எனலாம்.

பெயர் சொல்லும் உறவு

'வாண்டுமாமா' என்னும் பெயரை அவருக்குச் சூட்டியவர் ஓவியர் மாலியே ஆவார். 'வாண்டு' என்பது குறும்பு மிக்க சிறு குழந்தையைச் செல்லமாகக் குறிக்கும் சொல். தமிழர் குடும்பங்களில் தாய்மாமனுக்குத் தனி இடம் உண்டு. குழந்தைக்குக் காது குத்துவது தாய்மாமன் மடியில். முதற்சீர் கொண்டுவருபவரும் தாய்மாமனே. தந்தையிடம் கேட்க அஞ்சும் பொருளைக் குழந்தை மாமனிடம் கேட்டுப் பெறும். வானத்து நிலவைக்கூட 'அம்புலி மாமா' என்றே தமிழ்க் குழந்தைகள் அழைக்கின்றனர். கன்னடக் குழந்தைகளுக்கும் நிலவு 'சந்தமாமா'வே. ஆகவே ஓர் எழுத்தாளர் தம்மை 'மாமா' என்று அழைத்துக்கொள்வது ஒரு வாக்குறுதிக்கு ஒப்பாகும். 'நான் உங்களைக் கண்டிக்க வரவில்லை. உங்களுக்காக ஏதோ கொண்டுவந்திருக்கிறேன்' என்பது அதன் பொருள்.

ஒருவர், இரு பெயர்கள்

கிருஷ்ணமூர்த்தி பெரியவர்களுக்காகவும் எழுதினார். சிறுகதைகளையும் புதினங்களையும் அவர் 'கௌசிகன்' என்னும் பெயரில் படைத்தார். எனவே ஒரே மனிதர் இரண்டு எழுத்தாளர்களாக வாழ்ந்தார்.

இதே போன்ற வாழ்க்கையை இங்கிலாந்திலும் காண்கிறோம். சார்லஸ் லட்விட்ஜ் டாட்சன் என்பவர் ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் கற்பித்தார். கணித நூல்களை இயற்பெயரிலும், குழந்தைகளுக்கான கதைகளை 'லூயிஸ் கரோல்' என்னும் பெயரிலும் வெளியிட்டார். 1862ஆம் ஆண்டு சூலை 4ஆம் நாள் ஆற்றில் படகில் சென்றபோது, உடன்வந்த சிறுமியருக்கு அவர் ஒரு கதை சொன்னார். முயல் வளைக்குள் விழுந்து நிலத்தடி உலகை அடைந்த ஒரு சிறுமியின் கதை அது. அச்சிறுமியருள் ஒருத்தியின் பெயரையே கதைத்தலைவிக்கும் வைத்தார். அவர் கையால் எழுதி அளித்த முதற்படிக்கு 'நிலத்தடியில் ஆலிஸின் சாகசங்கள்' என்னும் பொருளுடைய தலைப்பு இருந்தது. 1865இல் அது 'அற்புத உலகில் ஆலிஸ்' என்று தமிழில் நாம் அறியும் நூலாக அச்சேறியது. டாட்சனின் கணித நூல்களை இன்று அறிந்தோர் சிலரே. லூயிஸ் கரோலை உலகமே அறியும்.

தமிழிலும் இதுவே நிகழ்ந்தது. கௌசிகன் என்னும் பெயரைக் கேட்டால் இன்று பலர் யாரென்று வினவுவர். வாண்டுமாமா என்றாலோ, நாற்பதும் ஐம்பதும் கடந்தவர்கள் முகம் மலர்வர். குழந்தைப் பருவத்தில் படித்த பெயர் எளிதில் மறப்பதில்லை.

இதழ்ப் பணி

வாண்டுமாமாவின் வாழ்க்கை இதழ்களோடு பிணைந்தது. திருச்சியில் இதழ்ப் பணியைத் தொடங்கிய அவர், பின்னர்ச் சென்னைக்கு வந்து கல்கி நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றினார். அந்நிறுவனம் 1972ஆம் ஆண்டில் 'கோகுலம்' என்னும் சிறுவர் இதழைத் தொடங்கியது. கோகுலத்தின் வளர்ச்சியில் வாண்டுமாமாவுக்குப் பெரும்பங்கு உண்டு. பின்னர், 1984ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற 'பூந்தளிர்' இதழுக்கு அவர் ஆசிரியரானார்.

பூந்தளிரில் அவருடைய கதைகளோடு, மும்பையிலிருந்து ஆங்கிலத்தில் வெளிவந்த 'டிங்கிள்' இதழின் படக்கதைகளும் தமிழ் வடிவில் வந்தன. 'ஷிகாரி ஷம்பு' என்னும் வேட்டைக்காரர் தமிழில் 'வேட்டைக்கார வேம்பு' ஆனார். 'காலியா' என்னும் காகம் 'காக்கை காளி' ஆயிற்று. வேற்றுமொழிப் பெயரை அப்படியே வைத்திருந்தாலும் கதை புரிந்திருக்கும். ஆனால் 'வேம்பு' என்றதும் பக்கத்து வீட்டு மாமாவைப் போல அவர் நெருங்கி வந்துவிடுகிறார். வேற்றுமொழிக் கதை தமிழ்க் குழந்தையின் வீட்டுக்குள் நுழைய வேண்டுமானால், வாசலில் தமிழ் உடை அணிந்துகொள்ள வேண்டும் என்பதைப் பூந்தளிர் உணர்ந்திருந்தது.

கதையும் அறிவியலும்

'ஓநாய்க்கோட்டை', 'காட்டுச் சிறுவன் கண்ணன்', 'கனவா நிஜமா', 'பலே பாலு' முதலியன வாண்டுமாமாவின் புகழ்பெற்ற படைப்புகள். கோட்டைகள், காடுகள், மந்திரவாதிகள், துணிவு மிக்க சிறுவர்கள் என அவருடைய கதையுலகம் விரிந்தது. அவர் எழுதிய நூல்கள் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவை.

அவற்றுள் மாயக்கதைகள் மட்டும் இல்லை. 'தோன்றியது எப்படி?' என்னும் வரிசையில், நாம் நாள்தோறும் காணும் பொருள்களின் வரலாற்றை விளக்கினார். 'மருத்துவம் பிறந்த கதை' என்னும் நூலில் மருத்துவ வரலாற்றைச் சொன்னார். மந்திரவாதிகளைப் பற்றி எழுதிய அதே கை, மருத்துவத்தைப் பற்றியும் எழுதியது. இது முரண்பாடு ஆகுமா?

ஆகாது. மாயக்கதைக்கும் அறிவியலுக்கும் வேர் ஒன்றே. அது வியப்பு. 'அந்தக் கதவுக்கு அப்பால் என்ன இருக்கிறது?' என்று கேட்கும் குழந்தை கதைக்குள் செல்கிறது. 'இந்தப் பொருளுக்கு உள்ளே என்ன இருக்கிறது?' என்று கேட்கும் குழந்தை ஆய்வகத்துக்குள் செல்கிறது. இரண்டும் ஒரே குழந்தைதான். அந்த வியப்பு அணையாமல் காப்பதே தம் வேலை என்பதை வாண்டுமாமாவின் நூல்கள் காட்டுகின்றன. கணிதம் கற்பித்த டாட்சன் முயல் வளைக்குள் ஆலிஸை அனுப்பியதும் இக்காரணத்தாலேயே எனலாம்.

கிடைத்ததும் கிடைக்காததும்

குழந்தைகளுக்காக எழுதுபவருக்குத் தமிழில் பெரும்புகழோ பெருஞ்செல்வமோ எளிதில் கிட்டுவதில்லை. பெரியவர்களுக்கு எழுதுவதே இலக்கியம் என்று கருதுவோர் இன்றும் உள்ளனர். வாண்டுமாமா தம் தன்வரலாற்று நூலுக்கு 'எதிர்நீச்சல்' என்று பெயரிட்டார். அவர் நடத்திய வாழ்க்கை எத்தகையது என்பதை அத்தலைப்பே உணர்த்தும். 2010ஆம் ஆண்டு முதல் சாகித்திய அகாதெமி சிறுவர் இலக்கியத்துக்கெனத் தனி விருது வழங்கி வருகிறது. வாண்டுமாமாவுக்கு அவ்விருது கிடைக்கவில்லை. 2014ஆம் ஆண்டு சூன் 12ஆம் நாள் அவர் சென்னையில் காலமானார்.

அவருக்குக் கிடைத்தது வேறொன்று. சிறு வயதில் அவரைப் படித்தவர்கள், வளர்ந்தபின்பும் பழைய பூந்தளிர் இதழ்களைப் பழைய புத்தகக் கடைகளில் தேடி அலைந்தனர். தாம் படித்த கதையைத் தம் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று விரும்பினர். படித்தவர் தம் பிள்ளைக்குக் கைமாற்றித் தர விரும்பும் நூலைக் காட்டிலும் எழுத்தாளர் பெறத்தக்க பரிசு யாதுள்ளது?

இங்கே ஒரு கவலைக்கும் இடமுண்டு. அம்புலிமாமா இன்று வெளிவருவதில்லை, பூந்தளிரும் நின்றுபோயிற்று. தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் பல தமிழ்க் குழந்தைகள் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். ஆனால் தமிழ் எழுத்தைக் கண்டால் தயங்குகின்றனர். தேர்வுக்காக மட்டும் படிக்கும் மொழி தேர்வோடு முடிந்துவிடும். அடுத்த பக்கத்தில் என்ன நிகழுமோ என்னும் ஆவலால் படிக்கும் மொழி நம்மோடு நிலைத்து நிற்கும். அந்த ஆவலைத் தூண்டுவதே வாண்டுமாமாவைப் போன்றோர் செய்த பணி.

ராபர்ட்சன்பேட்டையின் நிலத்தடி உலகம்

ஆலிஸ் சென்ற நிலத்தடி உலகம் கற்பனை. கோலார் தங்கவயலில் உள்ள நிலத்தடி உலகமோ உண்மை. வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் நூறாண்டுகளுக்கு மேல் இங்கே சுரங்கங்களில் உழைத்தன. அவர்கள் இரும்புக் கூண்டில் ஏறி இருளுக்குள் இறங்கினர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் உடையது. ஆழம் செல்லச் செல்லப் பாறை கொதித்தது. எந்நேரமும் பாறை வெடித்துச் சிதறலாம் என்னும் அச்சமும் இருந்தது. 1902ஆம் ஆண்டிலேயே சிவசமுத்திர அருவியிலிருந்து இங்கு மின்சாரம் வந்தது. நாட்டின் பல நகரங்கள் மின்விளக்கைக் காணும் முன்பே இச்சுரங்கங்கள் அதைக் கண்டன.

1965ஆம் ஆண்டில் இன்னொரு வியப்பும் நிகழ்ந்தது. விண்ணிலிருந்து வரும் கதிர்கள் காற்றுமண்டலத்தில் மோதும்போது 'நியூட்ரினோ' என்னும் மிக நுண்ணிய துகள்கள் உண்டாகின்றன. அவை மலையையும் மண்ணையும் ஊடுருவிச் செல்லும். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள், ஜப்பான், இங்கிலாந்து நாட்டு அறிவியலாளர்களோடு சேர்ந்து, இச்சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை அமைத்து அத்துகள்களைக் கண்டறிந்தனர். உலகிலேயே அவற்றை முதன்முதலில் கண்ட இரு குழுக்களுள் இஃது ஒன்று. வானத்திலிருந்து வந்ததைக் காண நிலத்துக்கடியில் இறங்கினர் என்பது மாயக்கதை போலத் தோன்றும். ஆனால் அது நடந்தது.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று ராபர்ட்சன்பேட்டையிலிருந்தும் சுற்றியுள்ள குடியிருப்புகளிலிருந்தும் பலர் விடியலுக்கு முன் எழுந்து, தொடர்வண்டியில் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். கூண்டில் இறங்கிய தாத்தாக்களின் நினைவில் இன்னும் எத்தனையோ கதைகள் உள்ளன. அரிமளத்துச் சிறுவன் ஒருவன் தமிழ்க் குழந்தைகள் அனைவருக்கும் மாமா ஆனது எழுதியதனால்தான். தங்கவயலின் நிலத்தடி உலகமும் எழுதப்பட்டாலன்றி அடுத்த தலைமுறைக்குச் சென்று சேராது. அதை எழுதும் கை, இன்று இப்பாடத்தைப் புரட்டும் கைகளுள் ஒன்றாகவும் இருக்கலாம்.

அருஞ்சொற்பொருள்

தலைமுறை – ஒரு காலத்தில் வாழும் மக்கள் கூட்டம்
கோட்டோவியம் – கோடுகளால் வரையப்படும் படம்
புதினம் – நெடுங்கதை, நாவல்
தன்வரலாறு – ஒருவர் தம் வாழ்க்கையைத் தாமே எழுதுவது
சீர் – உறவினர் முறைப்படி கொண்டுவரும் பொருள்
ஊடுருவுதல் – ஒன்றின் உள்ளே புகுந்து மறுபுறம் செல்லுதல்
முரண்பாடு – ஒன்றுக்கொன்று மாறுபடுதல்

மொழியோடு விளையாடு: மோனை

சொற்களின் முதல் எழுத்து ஒன்றி வருவது மோனை. 'வேட்டைக்கார வேம்பு' என்பதில் 'வே' என்னும் எழுத்து இரு சொற்களிலும் முதலில் வந்துள்ளது. 'பலே பாலு' என்பதில் 'ப', 'பா' என வருகின்றன. அகரமும் ஆகாரமும் ஓரினமாதலால் இதுவும் மோனையே. மோனை அமைந்த பெயர் நாவில் எளிதாக நிற்கும். அதனால் குழந்தைகள் அதை விரைவில் மறப்பதில்லை.

அ) பாடத்தில் மோனை அமைந்த வேறு இரு பெயர்களைக் கண்டறிந்து எழுதுக.
ஆ) பின்வரும் விலங்குகளுக்கு மோனை அமையப் பெயர் சூட்டுக: முயல், நரி, குரங்கு, யானை, பூனை. (எடுத்துக்காட்டு: முயல் முத்து)

பயிற்சிகள்

I. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. வாண்டுமாமாவின் இயற்பெயர் __________.
2. பெரியவர்களுக்காக அவர் __________ என்னும் பெயரில் எழுதினார்.
3. 'அம்புலிமாமா' இதழ் கன்னடத்தில் __________ என்னும் பெயரில் வெளிவந்தது.
4. லூயிஸ் கரோல் கற்பித்த பாடம் __________.

II. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. 'வாண்டுமாமா' என்னும் பெயர் எவ்வகை வாக்குறுதியை உணர்த்துகிறது?
2. ஓவிய ஆர்வம் வாண்டுமாமாவுக்கு எவ்வாறு பயன்பட்டது?
3. 'எதிர்நீச்சல்' என்னும் தலைப்பு எதை உணர்த்துகிறது?

III. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.
1. 'மாயக்கதைக்கும் அறிவியலுக்கும் வேர் ஒன்றே.' பாடப்பகுதியிலிருந்தும் உங்கள் பட்டறிவிலிருந்தும் சான்று காட்டி விளக்குக.
2. டாட்சனுக்கும் கிருஷ்ணமூர்த்திக்கும் உள்ள இரண்டு ஒற்றுமைகளையும் ஒரு வேற்றுமையையும் எழுதுக.

IV. சிந்தித்து எழுதுக.
குழந்தைகளுக்காக எழுதுவது பெரியவர்களுக்காக எழுதுவதைவிட எளிது என்று ஒருவர் கூறுகிறார். நீங்கள் அதை ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா? காரணம் தருக.

V. செயல்பாடு
சுரங்கத்தில் வேலை செய்த தாத்தா, பெரியப்பா அல்லது தெருவில் உள்ள முதியவர் ஒருவரிடம் பேசுங்கள். கூண்டில் முதன்முறை இறங்கிய நாளைப் பற்றிக் கேளுங்கள். அவர் பயன்படுத்தும் சுரங்கச் சொற்களை அவர் சொல்லும் வடிவிலேயே குறித்துக்கொள்ளுங்கள். பின்னர், அவர் சொன்னதில் ஒரு மாய நிகழ்ச்சியை நீங்களே சேர்த்து, இருபது வரிகளில் ஒரு சிறுவர் கதையாகத் தமிழில் எழுதுங்கள். எழுதியதை அவருக்கே படித்துக் காட்டுங்கள். அதன்பின் வகுப்பில் படியுங்கள்.